தார் பாலைவனத்துக்கு மொட்டை மாடியில் தயாராவது எப்படி

தில்லியில் இருக்கிற நம்ம ஆட்கள் முகாம் போட ஆசைப்பட்டால் முதலில் செய்வது, ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு டென்ட் வாங்குவது. குடகுக்கோ வால்பாறைக்கோ போவதாக இருந்தால் அது சரி, அங்கே மழைக்குத் தாங்கும் டென்ட் வேண்டும், தையல் வழியாக ஒரு சொட்டு இறங்கினாலும் ராத்திரி போச்சு. ஆனால் ராஜஸ்தானில் தார் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சால்மர் பக்கம் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே 20 சென்டிமீட்டர் அளவுதான், அதிலும் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டில். நாம் போகப்போவது நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள். அப்போது அங்கே நாம் சமாளிக்க வேண்டியது காற்று, மணல், முள், ராத்திரிக் குளிர், அவ்வளவுதான். வீட்டில் கூடாரம் தைப்பதில் கஷ்டமான வேலை தண்ணீர் கசியாமல் தைப்பது, அந்த வேலையே இங்கே இல்லை. இன்னொன்று, கடை டென்டின் ஜிப்பில் பொடிமணல் ஏறிவிட்டால் சில நாளில் பல் பிடிக்காமல் போய்விடும். நாம் தைக்கப்போவது டென்டுக்குப் பதிலாகக் கோலில் கட்டி நிறுத்தும் ஒரு துணி விரிப்பு, அதில் ஜிப்பே கிடையாது.

துணி வாங்குவதற்கு முன் எங்கே தங்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜெய்சால்மர், பார்மேர் மாவட்டங்களில் பரவியிருக்கும் பாலைவன தேசியப் பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். உள்ளே போக ஜெய்சால்மர் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது, நெருப்பு மூட்டக் கூடாது. இது வெறும் அதிகாரக் கெடுபிடி இல்லை. இங்கே வாழும் கானமயில் என்ற பெரிய பறவை தரையிலேயே முட்டையிடும், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. நாட்டில் மிச்சமிருப்பதே 150க்குள் என்று மதிப்பிடப்படும் ஒரு பறவையின் காட்டில் பாதையை விட்டு விலகி நடப்பது நியாயமே இல்லை. அதனால் பூங்காவைப் பகலில் வழிகாட்டியுடன் பாருங்கள், ராத்திரி சுதாசரியில் உள்ள வனத்துறைக் குடிலில் தங்குங்கள். இல்லாவிட்டால் குரி மாதிரி கிராமத்தில் நிலத்துக்காரரிடம் கேட்டு அவர் இடத்தில் உங்கள் விரிப்பைக் கட்டிக்கொள்ளுங்கள். சம் என்ற இடத்து மணல்மேட்டுப் பக்கம் ராத்திரியெல்லாம் ஒலிபெருக்கி சத்தம், எனக்கு அது ஆகாது, குரிதான் என் சிபாரிசு.

இனி துணி. ரெட் லைன் மெட்ரோவில் புல்பங்கஷ் ஸ்டேஷனில் இறங்கினால் ஆசாத் மார்க்கெட். ஆசாத்பூர் மண்டி வேறு, அங்கே போய் இறங்கினால் உருளைக்கிழங்குதான் கிடைக்கும். ஆசாத் மார்க்கெட்டில் திர்பால், கேன்வாஸ், ராணுவத்தில் கழித்த பாராஷூட் துணி எல்லாம் மலைமலையாகக் குவிந்திருக்கும். திர்பால் என்று கேட்டால் லாரிக்குப் போடும் கனமான தார்ப்பாயை எடுத்துப் போடுவார்கள், அது வேண்டாம். பை தைக்கும், குடை தைக்கும் மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர், கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும் ரிப்ஸ்டாப் கிடைத்தால் ரொம்ப நல்லது. சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை போதும். அகலம் சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கும், ஆறரை மீட்டர் வாங்குங்கள். மூன்று மூன்று மீட்டராக வெட்டி நீளவாக்கில் இணைத்தால் ஏறக்குறைய 3 மீட்டர் சதுரம், எடை முக்கால் கிலோவுக்குள். மிச்ச அரை மீட்டர் ஒட்டுத் துண்டுகளுக்கு. வெளிர் நிறமாக எடுங்கள், பகலில் நிழலுக்கும் அதுதான் உதவப்போகிறது.

இரண்டு துண்டையும் இணைக்கும்போது ஜீன்ஸ் காலில் போடுவார்களே, ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடங்கி இரண்டு வரிசைத் தையல் ஓடும், அந்த மடிப்புதான் போட வேண்டும். பாலியஸ்டர் நூல், 14ஆம் நம்பர் ஊசி. குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை இந்தத் துணியில் மூடவே மூடாது, துணி கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு ஓரமும் ஒரு அங்குலம் மடித்து அடியுங்கள். அப்புறம் நாலு மூலையிலும் ஒவ்வொரு பக்க நடுவிலும் மிச்சத் துணியில் முக்கோண ஒட்டுப் போட்டு, அதன்மேல் பைக்கு வைக்கும் அரை அங்குல நாடாவை வளையமாக மடித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க வேண்டும். உலோக ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) அடிக்கலாமா என்று டெய்லர் கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெல்லிய துணியில் ஐலெட் அடித்தால் முதல் பலத்த காற்றிலேயே சுற்றிக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். சொந்தமாக மெஷின் இல்லாவிட்டால் பேட்டையில் பை ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள், ரவிக்கை தைப்பவரைவிட அவருக்கு இது நன்றாகப் புரியும்.

நிறுத்துவதற்கு இரண்டு நடைக்கோல் போதும், இல்லையென்றால் ஒன்றேகால் மீட்டர் மூங்கில். ஆனால் கூடாரம் நிற்பதும் பறப்பதும் கோலில் இல்லை, முளையில் இருக்கிறது. மணலில் சாதாரண முளை நிற்கவே நிற்காது, கையால் இழுத்தாலே வந்துவிடும். இதற்கு ஒரு வழி, மணலையே நங்கூரமாக்குவது. பழைய சிமெண்ட் சாக்கைக் கழுவி, ஒன்றரை அடிச் சதுரமாக எட்டுத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். துண்டின் நடுவில் இரண்டு பிடி, மூன்று பிடி மணல் அள்ளிப் போட்டு, நாலு மூலையையும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டி, கட்டிய இடத்தில் கயிற்றைப் பிணையுங்கள். இழுவை வரும் திசைக்குக் குறுக்காக ஒரு முழம் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிப் பொட்டலத்தைப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்து இறுக்குங்கள். கயிறு மேலே வரும் இடத்தில் சின்னதாக ஒரு சாய்வு வாய்க்கால் வெட்டி விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு பொட்டலத்தை மேல்நோக்கித் தூக்கிவிடும். சரியாகப் புதைத்தால் ஒரு ஆள் பின்னால் சாய்ந்து இழுத்தாலும் அசையாது. எட்டுத் துண்டின் எடை ஒரு ஆப்பிள் அளவுகூட வராது, காலையில் கொட்டிவிட்டு மடித்து வைத்துக்கொள்ளலாம். காற்று வரும் பக்கம் விரிப்பின் ஓரத்தைத் தரையோடு ஒட்டிப் புதைத்து, மறுபக்கம் திறந்து வையுங்கள்.

தரை விரிப்புக்கு நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பிளெக்ஸ் பேனர்தான். 2 மீட்டருக்கு 1 மீட்டர் வெட்டினால் முக்கால் கிலோ அளவுக்குப் போகும், கனம்தான், ஆனால் தாரில் ‘புருட்’ என்று ஒரு புல் இருக்கிறது, அதன் முள்காய் துணியில், காலுறையில், போர்வையில் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். மெல்லிய பிளாஸ்டிக் தாளெல்லாம் அதற்கு முன் நிற்காது. அதே முள்ளுக்காகக் காலுக்கும் ஒரு உறை தையுங்கள். ஒடிந்த குடையின் துணியை முழங்காலுக்குக் கீழிருந்து ஷூ வாய் வரை வரும்படி குழாயாகத் தைத்து, மேலும் கீழும் எலாஸ்டிக், பாதத்துக்கு அடியில் ஓட ஒரு நாடா. மணலும் உள்ளே வராது. ஷூவை மட்டும் நல்லதாக வாங்கிவிடுங்கள், வலைத்துணி வைத்த ஓட்டப்பந்தய ஷூவில் மணல் சலித்து உள்ளே போகும்.

படுக்கைக்குத் தில்லி வீட்டில் இருக்கும் ஏ.சி. கம்ஃபர்டர் போதும். பஞ்சு ரஜாய் இதமாக இருக்கும், ஆனால் அதைத் தூக்கி நடக்க முடியாது. கம்ஃபர்டரை நீளவாக்கில் மடித்து, கால் பக்கம் இரண்டடிக்கு மட்டும் பையாகத் தைத்து, அடியில் நாடா கோத்து இறுக்குங்கள். உள்ளுறைக்கு எட்டு முழ வேட்டி. இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் தைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளப் பை, மடிப்பு கால் பக்கம் வர வேண்டும். வியர்வையும் மணலும் கம்ஃபர்டரில் ஏறாது, இதை மட்டும் துவைத்தால் போதும். அடியில் சதர் பஜாரில் கிடைக்கும் ஒரு சென்டிமீட்டர் கனத்து ஃபோம் ஷீட். இதை விடாதீர்கள், ராத்திரி மணல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

ஜனவரியில் ஜெய்சால்மரில் பகல் 24 டிகிரி பக்கம் இருக்கும், விடியற்காலை 8 டிகிரிக்கும் கீழே இறங்கும். தில்லி ஜனவரி ராத்திரியும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் ஆர்.கே.புரமோ மயூர் விஹாரோ, உங்கள் மொட்டை மாடியிலேயே இந்தப் படுக்கையில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். பனிமூட்டமும் புகையும் இருக்கும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்ந்தால் ஐந்து படி இறங்கி வீட்டுக்குள் போய்விடலாம். நங்கூரப் பொட்டலத்தை மட்டும் மாடியில் சோதிக்க முடியாது, எங்காவது கட்டுமான மணல் குவித்திருக்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு முயன்று பாருங்கள், வாட்ச்மேன் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

தண்ணீர் விஷயத்தில் கணக்கு கறாராக இருக்கட்டும். குளிர்காலத்திலும் நடக்கும் நாளில் ஆளுக்கு 4 லிட்டர், சமையலுக்குத் தனியாக 1 லிட்டர். அதுவே 5 கிலோ, அதனால்தான் தங்குமிடத்தை கிராமத்தை ஒட்டி வைக்கச் சொல்கிறேன். ஸ்டீல் பாட்டில் வேண்டாம், குளிர்பானம் வரும் 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடை குறைவு, சுலபத்தில் உடையாது. குளிர்ச்சியாகக் குடிக்க ஆசை என்றால் ராஜஸ்தானில் ‘சாகல்’ என்று ஒரு கேன்வாஸ் பை உண்டு, அதைத் தைத்துப் பார்க்கலாம். மெழுகு பூசாத கெட்டிப் பருத்திக் கேன்வாஸை இரட்டைத் தையலில் பையாக அடித்து, வாய்க்கு ஒரு பாட்டிலின் கழுத்தை வெட்டிச் செருகி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். முதலில் ஒழுகும், ஒரு ராத்திரி ஊறவைத்தால் நூல் உப்பி ஓட்டைகள் அடைபடும். வெளியே லேசாகக் கசியும் ஈரம் வறண்ட காற்றில் ஆவியாகும்போது உள்ளே தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். சென்னைப் புழுக்கத்தில் இது இவ்வளவு வேலை செய்யாது. ஆனால் ஆவியாவதும் உங்கள் தண்ணீர்தான், எனவே இதில் ஒரு லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குத் தில்லியின் மே மாத லூ என்ற அனல் காற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குழையாமல் வடித்த சாதத்தைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, மாடியில் துணி விரித்துப் பரப்பி, புறாவுக்குப் பயந்து மேலே கொசுவலை மூடினால் இரண்டு வெயிலில் கல்லாகக் காய்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்காலம் வரை இருக்கும். முகாமில் கொதிநீர் ஊற்றி மூடிக் கால் மணி நேரம் வைத்தால் சாதம் ரெடி, புளிக்காய்ச்சல் கலந்தால் முடிந்தது. வியர்த்த உடம்புக்கு அந்த உப்பும் தேவை. சமைக்கவே சோம்பல் என்றால் அவல், வெல்லம், வேர்க்கடலை.

அடுப்பு செய்வதைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன். உயரம் குறைந்த அகலமான டின்னில் விளிம்புக்குக் கீழே வரிசையாக ஓட்டை போட்டால் ஸ்பிரிட் அடுப்பு, அலுமினிய பேக்கிங் டிரேயை வெட்டிச் சுற்றி நிறுத்தினால் காற்றுத் தடுப்பு. 30 மில்லி ஸ்பிரிட்டில் அரை லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். ஆனால் ரயிலில் ஸ்பிரிட் கொண்டுபோகக் கூடாது, மரப் பாலிஷுக்கு விற்பதை அங்கேயே ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்க வேண்டும். வெயிலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. எரியும்போது மேலும் ஊற்றுவது, விரிப்புக்கு அடியில் பற்றவைப்பது இரண்டும் கூடவே கூடாது. குழந்தைகளோடு போனால் இதை விட்டுவிட்டு, கிராமத்து வீட்டில் காசு கொடுத்துச் சுடுதண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடை நேரம்: ஜெய்சால்மர் நாட்டின் மேற்கே இருப்பதால் ஜனவரியில் சூரியன் ஏழரைக்குத்தான் வருகிறது. ஏழு மணி வெளிச்சத்தில் கிளம்பி பதினொன்றுக்குள் நிறுத்துங்கள், மதியம் கேஜ்ரி நிழலில் படுங்கள் (நம்ம வன்னி மரம்தான்), மூன்றரைக்கு மேல் மறுபடி நடக்கலாம். காலையில் ஷூவைத் தட்டாமல் போடாதீர்கள், தேளும் சுருட்டைவிரியனும் இருக்கிற மண். நகரிலிருந்து 17 கிலோமீட்டரில் அகால் என்ற இடத்தில் சுமார் 18 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. திருவக்கரையில் பார்த்தவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

இந்தச் சாமானோடு குளிர்ப் பாலைவனத்துக்கும் போகலாமா என்றால், பாதி போகலாம். இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதியில் உள்ள ‘பின்’ பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா மழைமறைவுப் பகுதி, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நடக்கலாம். விரிப்பு, பொட்டலம் (மணலுக்குப் பதில் கல்), கால் உறை எல்லாம் அங்கும் உதவும். கம்ஃபர்டர் உதவாது, நல்ல ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுங்கள், கணவாய் ஏறுவதாக இருந்தால் முறையான டென்டும் வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள முத் கிராமமே 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது, காய்ந்த சாதமும் அவலும்தான் கைகொடுக்கும். சிம்லா, கின்னௌர் வழியாக மெதுவாக ஏறினால் உயரம் உடம்புக்குப் பழகும். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், மதியம் பனி உருகித் தண்ணீர் ஏறும்.

அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மலையேற வாங்கிய கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் கருவியையோ, சாட்டிலைட் போனையோ பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இங்கே குற்றம், அதிலும் ஜெய்சால்மர் எல்லை மாவட்டம். ஆஃப்லைன் வரைபடத்தை போனில் இறக்கிக்கொள்ளுங்கள், ஆதார் அட்டையை அசலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தங்கிய வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் நம்பரையும் வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.