ஒரு நாளைக்கு ஒரு பேட்டை: சென்னைக்கு வரும் உறவுகளுக்கு

எங்கள் வீடு மந்தைவெளியில். டிசம்பர் பிறந்தால் டொரொண்டோ, லண்டன், கோலாலம்பூர் என்று ஏதாவது ஓர் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மூன்று வருடத்துக்கு முன் டொரொண்டோவிலிருந்து அத்தை மகள் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். நாள் வாடகைக்குக் கார் பிடித்து, ஒரே நாளில் மெரினா, கபாலி கோயில், தி.நகர், மாமல்லபுரம் என்று கிளம்பினாள். ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பி வந்தபோது சின்னவன் கார் சீட்டிலேயே தூங்கிவிட்டிருந்தான். மறுநாள் காலையில் "என்னடா பார்த்த?" என்று கேட்டேன். "ட்ராஃபிக், மாமா" என்றான். எனக்கு மனசே ஆறவில்லை. அன்று சாயங்காலமே அவர்களை மந்தைவெளி ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப்போய், தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலில் ஏற்றினேன். அதிலிருந்து யார் வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு பேட்டை. அதற்கு மேல் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவான்மியூர் எல்லாம் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய ஊர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1639-இல் கடற்கரை ஓரமாக இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்கள். அதன் பிறகு அக்கம்பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வளர்ந்ததுதான் இன்றைய நகரம். ஒவ்வொரு பேட்டைக்கும் தன் கோயில், தன் கடைத்தெரு, தன் சாப்பாடு என்று இன்னமும் இருக்கிறது. கார் கண்ணாடி வழியாக அது தெரியாது. நடந்தால்தான் தெரியும்.

நடப்பதற்கு நேரம் முக்கியம். காலை ஆறு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். பத்தரை, பதினொன்றுக்குள் ஒரு சுற்று முடித்துவிட்டு அறைக்குத் திரும்புங்கள். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை பெரிய கோயில்களில் நடை சாத்தியிருக்கும், வெயிலும் தலையைப் பிளக்கும். நாலரைக்கு மேல் இரண்டாவது சுற்று. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான் என்பதால் பலர் அப்போது வருகிறீர்கள். பகலில் சூடுதான், ஆனாலும் சாயங்காலம் பல நாள் மழை வந்து குளிரவைத்துவிட்டுப் போகும். மே மாதக் கத்திரியில் மட்டும் சின்னக் குழந்தைகளை அழைத்து வராதீர்கள். நவம்பர் அடைமழைக் காலம். டிசம்பர் பாதிக்கு மேல் ஜனவரி முழுக்க, மார்கழியும் தையும்தான் சென்னைக்கு உகந்த காலம். விடிகாலையில் வாசல்தோறும் கோலம், கோயிலில் சுடச்சுடப் பொங்கல், சாயங்காலம் சபாக்களில் கச்சேரி. கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சபா கேன்டீனுக்காவது ஒரு நாள் போய் வாருங்கள். ஜனவரியை ஒட்டி வந்தால் புத்தகக் காட்சியையும் விடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

விமான நிலையத்துக்கு வெளியிலேயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. பெரிய பெட்டிகள் இல்லாவிட்டால் அதிலேயே ஏறி சென்ட்ரல் வரை நேராக வந்துவிடலாம். எழும்பூருக்கு ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ மாற வேண்டும். மெட்ரோவின் அடுத்த கட்டத்துக்காக நகரத்தில் பல இடங்களில் சாலையைத் தோண்டி வழி மாற்றிவிட்டிருக்கிறார்கள். கார் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்டோவுக்கு ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி ஆகியவற்றில் ஏதாவது ஒரு செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றுக்கு உள்ளூர் எண் தேவைப்படும், அதனால் முதல் நாளே பாஸ்போர்ட், விசா காட்டி சிம் வாங்கிவிடுங்கள். டீக்கடையிலும் பூக்காரம்மாவிடமும் உங்கள் வெளிநாட்டு கார்டு செல்லாது. எல்லாரும் போனில் ஸ்கேன் செய்து கட்டுவார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக எப்போதும் கையில் இருக்கட்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டே வெளியே போங்கள். மியூசியம், நினைவுச் சின்னங்கள் போன்ற இடங்களில் உள்ளூர்க்காரர்களுக்கான கட்டணமே உங்களுக்கும் பொருந்தும். அட்டையைக் காட்டாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம், அது பல மடங்கு.

பறக்கும் ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரை ஸ்டேஷனில் கிளம்பி வேளச்சேரிக்குப் போகிறது. நடுவில் கோட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, மந்தைவெளி, கோட்டூர்புரம், திருவான்மியூர். பெயர்களைப் பாருங்கள், நீங்கள் பார்க்க வேண்டிய ஊர்களில் பாதி அதிலேயே வரிசையாக வந்துவிடுகிறது. டிக்கெட் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தான். ஸ்டேஷன்கள் பெரிசு, சுத்தம் போதாது, இரவு ஒன்பதுக்கு மேல் வெறிச்சோடியிருக்கும். பகலில் பயமில்லாமல் போகலாம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மொட்டை மாடிகளும் கோபுரங்களும் பக்கிங்காம் கால்வாயும் கண் மட்டத்துக்குக் கீழே ஓடும். அன்று சின்னவன் அங்கேதான் முதல் தடவையாக வாயைத் திறந்து கேள்வி கேட்டான்.

முதல் நாள் மயிலாப்பூரில் தொடங்குங்கள். திருமயிலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் குளம். படிக்கட்டில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள், எதிரே கபாலீசுவரர் கோயிலின் கோபுரம் தண்ணீரில் தெரியும். பழைய கோயில் கடற்கரையில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது, இப்போது இருப்பது அதற்குப் பின் எழுந்த கட்டடம். உள்ளே புன்னை மரத்தடியில் அம்பாள் மயிலாக சிவனைப் பூசித்த சன்னதி இருக்கிறது. ஊருக்குப் பெயர் வந்த கதையே அதுதான், பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள். கூடவே, சம்பந்தர் சாம்பலிலிருந்து பூம்பாவையை எழுப்பிய கதையையும்.

வெளியே வந்து நாலு மாட வீதிகளையும் ஒரு சுற்று வாருங்கள். அவசரம் வேண்டாம். மாவடு, சுண்டைக்காய், வாழைப்பூ, கட்டுக்கட்டாகக் கீரை, மரச்சொப்பு, பித்தளை விளக்கு, பரதநாட்டிய நகை செட்டு எல்லாம் இந்த நாலு தெருவுக்குள் கிடைக்கும். நவராத்திரிக்கு முன் வந்தால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை. பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழா, அன்றைக்குக் கூட்டத்தைத் தாங்க முடிந்தவர்கள் மட்டும் வாருங்கள். காளத்தி கடையில் ஒரு ரோஸ்மில்க் குடித்துவிட்டு, அப்படியே கிழக்கே சாந்தோம் பக்கம் நடந்தால் தோமையாரின் கல்லறை மேல் எழுந்த வெள்ளைத் தேவாலயம். இப்போதைய கட்டடம் 1896-ஆம் ஆண்டினது. லஸ் பக்கம் போனால் காட்டுக் கோயில் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பழைய மாதா கோயில். ஒரு காலைக்கு இது போதும்.

திருவல்லிக்கேணியை நான் சாயங்காலத்துக்கு வைப்பேன், ஏனென்றால் அங்கிருந்து மெரினாவுக்கு நடந்தே போய்விடலாம். பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்துக் கோயில். மூலவருக்கு மீசை உண்டு. உற்சவர் முகத்தில், பாரதப் போரில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள் உண்டு. அர்ச்சகரிடம் கேட்டால் தீபத்தைத் தூக்கிக் காட்டுவார். சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தை வாங்காமல் வந்துவிடாதீர்கள், விரல் எல்லாம் நெய்யாகிவிடும்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடு. 1921 செப்டம்பரில் அந்த வீட்டில்தான் உயிர் பிரிந்தது. இப்போது நினைவில்லம். வாசலுக்கு வெளியே ஆட்டோவும் சைக்கிளும் பால்காரரும் போய்க்கொண்டே இருப்பார்கள், உள்ளே போனால் சத்தம் அடங்கிவிடும். போன முறை வந்த லண்டன் சித்தப்பாவுக்கு வயது எழுபத்தைந்து. யாழ்ப்பாணத்தில் பிறந்து பாரதி பாட்டைப் பள்ளியில் படித்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நேரக் கணக்கு போடாதீர்கள்.

அப்புறம் ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்வதெல்லாம் இங்கே இல்லை. தட்டில் இரண்டு இட்லியை வைத்து, வாளியிலிருந்து சாம்பாரை ஊற்றி முழுக அடித்துவிடுவார்கள். தீரத் தீர மறுபடியும் ஊற்றுவார்கள். ஸ்பூனால் சாப்பிட வேண்டும். அங்கிருந்து 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்கு. உழைப்பாளர் சிலை, தலைவர்களின் நினைவிடங்கள், சுண்டல், பட்டாணி, மிளகாய் பஜ்ஜி, எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். இழுப்பு பலமான கடல், நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

ஜார்ஜ் டவுனைப் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள், நெரிசலுக்குப் பயந்து. எனக்கு அது வருத்தம். ஞாயிறு தவிர வேறு ஒரு நாள் காலை ஏழு மணிக்கே போனால் தெரு உங்களுடையது. கோட்டை ஸ்டேஷனில் இறங்கி முதலில் புனித ஜார்ஜ் கோட்டை. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ளே இருப்பதால் அடையாள அட்டை பார்த்துத்தான் விடுவார்கள். அங்கே இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-ஆம் ஆண்டினது. அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செய்தி, யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹூ யேல் இந்தக் கோட்டையில் கவர்னராக இருந்தவர், அவருக்குக் கல்யாணம் நடந்ததும் இந்தத் தேவாலயத்தில்தான். கோட்டை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

பிறகு உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்களைத் தாண்டிப் பாரிமுனை. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள், பாரதி வந்து கும்பிட்ட அம்மன். ராசப்பச் செட்டித் தெருவில் கந்தகோட்டம், வள்ளலார் பாடிய முருகன். இங்கே ஒவ்வொரு தெருவும் ஒரு சரக்கு. பேப்பர் ஒரு தெரு, பாத்திரம் ஒரு தெரு, கல்யாணப் பத்திரிகை ஒரு தெரு, சௌகார்பேட்டைப் பக்கம் போனால் பேச்சே இந்தியாகவும் மார்வாடியாகவும் மாறிவிடும். பூக்கடையின் பூ மொத்த வியாபாரத்தில் பெரும்பகுதி கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

சாயங்காலம் வரை இருக்க முடிந்தால் கடற்கரை ஸ்டேஷன் எதிரே பர்மாக்காரர்களின் தள்ளுவண்டிகளுக்குப் போங்கள். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. அத்தோ என்று கேளுங்கள். நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். நீங்களும் கடல் தாண்டிப் போய் வந்தவர்கள், அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடும்போது அதன் ருசி உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும்.

எழும்பூர் மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவையும் இங்கே உண்டு. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் இந்த மூன்றுக்காகப் போங்கள், இரண்டு மணி நேரம் போதும்.

தி.நகரைப் பலரும் கடைசி நாளுக்கு வைக்கிறீர்கள். தப்பு. பட்டுப்புடவை வாங்கினால் பிளவுஸ் தைக்க வேண்டும், குஞ்சம் கட்ட வேண்டும், ஃபால்ஸ் அடிக்க வேண்டும். டெய்லர் ஒரு வாரம் கேட்பார். அதனால் வந்து இரண்டு நாளுக்குள் துணி வேலையை முடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு அப்புறம் ஊர் சுற்றுங்கள். வார நாளில், கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 2023-இல் ஆகாய நடைபாலம் திறந்திருக்கிறார்கள், ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் மேலேயே போகலாம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வயதானவர்களை அங்கே கூட்டிப் போக வேண்டாம்.

தெற்கே அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் மூன்றையும் ஒரு நிதானமான நாளில் வைத்துக்கொள்ளலாம். பிரம்மஞான சபையின் ஆலமரம், மருந்தீசுவரர் கோயில், கலாக்ஷேத்ரா, இருட்டியதும் எலியட்ஸ் கடற்கரை. சபைக்கும் கலாக்ஷேத்ராவுக்கும் பார்வை நேரம் உண்டு, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகள் படிக்கிறவர்களாக இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு மதியம் விட்டுவிடலாம், வெயிலுக்கும் ஏசி.

சென்னை முடித்து சொந்த ஊருக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். தெற்கே போகும் பஸ்கள் இப்போது கோயம்பேட்டிலிருந்து கிளம்புவதில்லை, வண்டலூர் பக்கம் கிளாம்பாக்கத்திலிருந்துதான். நகரத்தின் நடுவிலிருந்து அங்கே போகவே சாயங்காலத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். டிக்கெட்டில் எழும்பூரா தாம்பரமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிடுங்கள். எங்கள் கோலாலம்பூர் பெரியம்மா பெட்டி படுக்கையோடு எழும்பூரில் காத்திருக்க, அவர்கள் ரயில் தாம்பரத்திலிருந்து போய்விட்டது.