சுவர்க் கலரைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்: முதல்முறை பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு

பெயின்ட் கடைக்குள் நுழைந்ததும் கையில் ஷேடு கார்டைக் கொடுத்துவிடுவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலர்கள். பார்த்ததும் பிடித்துப்போன ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வருவதுதான் பலரும் செய்வது. இங்கே நான் சொல்வது அதற்குத் தலைகீழான வரிசை. மாற்ற முடியாத பொருட்களிலிருந்து தொடங்கி, சுவருக்குக் கடைசியில் வர வேண்டும்.

உதாரணத்துக்குச் சென்னையில் எங்கும் பார்க்கிற ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். ஐவரி டைல்ஸ் தரை, தேக்கு நிறக் கதவுகள், சமையலறையில் கருப்பு கிரானைட் மேடை, மேற்கு பார்த்த ஹால்.

1. மாறாதவற்றை எழுதி வையுங்கள்

தரை, கதவு, மேடை, பீரோ, சோபா. இன்னும் நாலைந்து வருஷத்துக்கு மாற்றப் போவதில்லை என்றால் அது பட்டியலில் சேரும். இவற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதில் பயனில்லை. ஃபோன் கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும். லாஃப்டில் மீந்த டைல்ஸ் ஒன்றிரண்டு கிடக்கும், அதையே எடுத்துப் போங்கள்.

ஐவரி டைல்ஸில் மஞ்சள் ஓடும். அதன் பக்கத்தில் நீலம் கலந்த பளிச் வெள்ளை அடித்தால், எவ்வளவு துடைத்தாலும் தரை அழுக்காகவே தெரியும். தரையில் குறையில்லை, பக்கத்து நிறம் செய்கிற வேலை அது. பாரிஸ் கோபெலின் நெசவுக் கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்ததாம். சாயத்தைச் சோதித்துப் பார்த்தவர், அருகில் நெய்த நிறங்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்து 1839-ல் விரிவாக எழுதினார். நம் ஃபிளாட்டுக்கு வேண்டியது கொஞ்சம் மஞ்சளோ சாம்பல் பழுப்போ கலந்த வெள்ளை.

2. வெளிச்சத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு நாள் முழுக்க வீட்டில் இருந்து, ஒவ்வொரு அறையிலும் காலை, மதியம், மாலை எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேற்கு ஹாலில் மாலை நாலு மணிக்கு மேல் வெயில் ஆரஞ்சாக உள்ளே விழும். மாம்பழ மஞ்சளோ பீச்சோ அடித்த சுவர் அந்த நேரத்தில் கண்ணைக் கூசவைக்கும். இளம் சாம்பல், இளம் பச்சை போன்றவை அந்தச் சூட்டைக் கொஞ்சம் தணித்துக் காட்டும். வெயிலே வராத அறைக்கு இதற்கு நேர்மாறு: சாம்பல் அங்கே சோர்ந்துபோகும், சந்தனக் கலர் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. நம் ஊரில் பல ஜன்னல்களுக்கு வெளியே தெரிவது வானம் இல்லை, சில அடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். அது கிளிப்பச்சையாக இருந்தால் உங்கள் அறைக்குள் வருவதும் பச்சை கலந்த வெளிச்சம்தான். அங்கே ரோஸ் சாயலுள்ள வெள்ளை அடித்தால் அழுக்குச் சாம்பலாகத் தெரியலாம்.

இரவுக்கு விளக்கு. எல்.இ.டி. அட்டையில் 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். கடையில் பார்த்துப் பிடித்த சந்தனம் வீட்டு டியூப்லைட்டில் வெளிறிப்போவது இதனால்தான். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் கலர் பார்ப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

3. பங்கு பிரியுங்கள்

அறையில் 60 பங்கு ஒரு நிறம், 30 பங்கு இன்னொன்று, 10 பங்கு எடுப்பாக ஒன்று என்பது அலங்காரக்காரர்கள் சொல்லும் கணக்கு. புடவையின் உடல், முந்தானை, கரை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. அளவு நாடாவோடு நிற்க வேண்டியதில்லை. ஆனால் தரையையும் கதவையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். நம் ஃபிளாட்டில் அவையே கணிசமான பங்கை எடுத்துக்கொண்டன. மீதி தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரு சுவர்க் கலரும், திரை, குஷன் போன்ற சில்லறைகளும்தான்.

ஒரு சுவரை மட்டும் அடர்த்தியாக அடிக்க ஆசையா? சரி, ஜன்னல் இல்லாத சுவராகப் பாருங்கள். ஜன்னல் உள்ள சுவர் வெளிச்சத்துக்கு எதிராக நிற்பதால் ஏற்கெனவே இருட்டாகத்தான் தெரியும்.

வீட்டில் யாராவது வாஸ்து பார்த்து மஞ்சள்தான் என்று முடிவு செய்திருந்தால் சண்டை வேண்டாம். எந்த மஞ்சள் என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது.

4. இப்போது ஷேடு கார்டு

டைல்ஸைப் பக்கத்தில் வைத்து மூன்று கலர்கள் மட்டும் எடுங்கள். கார்டிலோ கம்பெனி இணையதளத்திலோ எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருந்தால் அதையும் பாருங்கள். 0 என்றால் வெளிச்சத்தை முழுக்க விழுங்கும் கருப்பு, 100 என்றால் முழுக்கத் திருப்பியனுப்பும் வெள்ளை. இருட்டான அறைக்கு 60-க்கு மேல் போங்கள். கார்டில் தபால்தலை அளவில் பார்க்கும் கலர், நாலு சுவரிலும் ஏறியதும் ஒன்றிலிருந்து ஒன்று எதிரொளித்து இன்னும் அழுத்தமாகத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு படி வெளுப்பானதை எடுங்கள்.

5. சார்ட் பேப்பரில் அடித்துப் பாருங்கள்

மூன்று கலரிலும் இருப்பதிலேயே சின்ன டப்பா வாங்கி, பெரிய சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடியுங்கள். பழைய சுவரில் திட்டுத் திட்டாக அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள பழைய கலர் ஏமாற்றும். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) ஈரத்தில் வெளுப்பாக இருக்கும், காய்ந்தால் அடர்த்தியாகும். அதனால் நன்றாகக் காய்ந்த பிறகே தீர்ப்பு. பேப்பரைத் தரையில் போட்டுப் பார்க்காமல், டைல்ஸைத் தொடும்படி சுவரோரமாக நிறுத்துங்கள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, இரவில் விளக்கு போட்டு ஒரு முறை. மூன்று நேரத்திலும் பிடித்தது எதுவோ அதுதான் உங்கள் கலர்.

6. வாங்கும்போது

மேட் ஃபினிஷ் பட்டி பார்த்த மேடு பள்ளத்தை மறைக்கும், பளபளப்பு உள்ளது துடைக்கச் சுலபம். குழந்தைகள் கிறுக்குகிற வீடு என்றால் இரண்டாவதை எடுங்கள்.

அளவு: 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 400. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்தால் ஏழு லிட்டருக்குள் முடியும். உங்கள் டப்பாவில் போட்டிருக்கும் கணக்கையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கானதை ஒரே கடையில் ஒரே நாளில் கலந்து வாங்குங்கள். மெஷினில் கலந்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அழுத்தமான மஞ்சளும் சிவப்பும் பழைய கலரைச் சரியாக மறைக்காது, கூடுதலாக ஒரு கோட்டுக்குத் தயாராக இருங்கள்.

வேலை முடிந்ததும் மீந்த பெயின்டைக் காற்றுப் புகாமல் மூடி வைத்து, டப்பா லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கலர் எண் மட்டும் போதாது. எமல்ஷனின் பெயர், பேஸ் (கலர் கலப்பதற்கு முன் டப்பாவில் இருக்கும் அடிப்படை பெயின்ட்) இரண்டும் தெரிய வேண்டும். அவை மாறினால் அடுத்த வருஷம் ஆணி ஓட்டையை அடைத்துப் பூசும் இடம் திட்டாகத் தனியே தெரியும்.