புதிய லினக்ஸ் கெர்னல் வந்ததும் தகவல் சொல்லும் ஸ்கிரிப்ட்: படிப்படியாக

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மெயின்லைன் (முதன்மை) பதிப்பு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. நடுவில் ஸ்டேபிள் (வெளியாகி நிலைபெற்றவை), லாங்டெர்ம் (நீண்ட காலம் ஆதரவு பெறுபவை) வரிசைகளுக்கான திருத்தப் பதிப்புகள் கிட்டத்தட்ட வாரா வாரம் வரும். கெர்னலைத் தானே கம்பைல் செய்து பயன்படுத்துகிறவர்களுக்கு, பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் எதுவும் சொல்லாது. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் மடிக்கணினியில் ஓடுவது அப்படி ஒரு கெர்னல். அதற்காக எழுதி, தினமும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டைத்தான் இங்கே விளக்குகிறேன்.

பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றை உருவாக்கி, அதற்கு இயக்கும் அனுமதி கொடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: தகவலை எங்கிருந்து எடுப்பது

கெர்னல்.ஆர்க் தளத்தின் முகப்புப் பக்கத்தை இறக்கி, அதில் கிரெப் போட்டு எண்ணைத் தேடச் சொல்லும் பழைய விளக்கங்கள் நிறைய இருக்கின்றன. அப்படிச் செய்யாதீர்கள். பக்க வடிவமைப்பு கொஞ்சம் மாறினாலும் ஸ்கிரிப்ட் படுத்துவிடும். அதே தளத்தில், முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ரிலீசஸ்.ஜேசான்' என்று கொடுத்தால், நிரல்கள் படிப்பதற்கென்றே வைத்திருக்கும் கோப்பு கிடைக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் எண், எந்த வரிசை, ஆதரவு முடிந்துவிட்டதா, வெளியான தேதி எல்லாம் அதில் உண்டு. 'லேட்டஸ்ட்_ஸ்டேபிள்' என்று தனியாக ஒரு பகுதியும் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதற்குள் இருக்கும் 'வெர்ஷன்' மட்டும் போதும்.

படி 2: இறக்குவது

இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கர்ல் கட்டளை போதும். ஹைஃபன் எஃப் கொடுப்பதை மட்டும் மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால், சர்வர் 503 என்று பிழைப் பக்கம் அனுப்பினாலும் கர்ல் அதை வெற்றிகரமாக இறக்கியதாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். அதிகபட்சம் எத்தனை வினாடி காத்திருக்கலாம் என்பதையும் 'மேக்ஸ்-டைம்' மூலம் சொல்லிவிடுங்கள். நான் 30 வைத்திருக்கிறேன்.

வந்ததை, ஜேசான் கோப்பிலிருந்து வேண்டிய பகுதியை எடுத்துத் தரும் ஜேக்யூவுக்கு பைப் செய்யுங்கள். இங்கே ஹைஃபன் ஆர், ஹைஃபன் இ இரண்டும் வேண்டும். ஆர் இல்லாவிட்டால் பதிப்பு எண் மேற்கோள் குறிகளோடு வரும். பிறகு எதோடு ஒப்பிட்டாலும் பொருந்தாது. இ கொடுத்தால், தேடிய பகுதி கோப்பில் இல்லாதபோது ஜேக்யூ பிழையோடு வெளியேறும். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -இ' (பிழை வந்ததும் ஸ்கிரிப்டை நிறுத்துவது), 'பைப்ஃபெயில்' இரண்டையும் போடுங்கள். பைப்ஃபெயில் இல்லாத பைப்பில், கடைசிக் கட்டளை ஒழுங்காக முடிந்தால் முன்னால் நின்ற கர்ல் தோற்றது யாருக்கும் தெரியாது.

படி 3: ஒப்பிடுவது

இந்த ஸ்கிரிப்டில் உயிரான இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

2024 ஜூலையில் 6.9-க்கு அடுத்ததாக 6.10 வந்தது. பாஷில் இரண்டையும் சாதாரண எழுத்துச் சரங்களாக ஒப்பிட்டால் 6.9.12 பெரியது, 6.10.3 சிறியது என்றுதான் விடை வரும். புள்ளிக்குப் பின்னால் 9-ஐயும் 1-ஐயும் பார்த்ததுமே அது முடிவு செய்துவிடுகிறது. தசம எண்ணாக எடுத்துக்கொண்டாலும் இதே கதை: 6.10-உம் 6.1-உம் ஒன்றாகிவிடும். ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாது. புதிது எதுவும் இல்லை என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதற்கு சார்ட் கட்டளையின் பெரிய வி விருப்பம் இருக்கிறது. புள்ளிகளுக்கு நடுவில் உள்ளவற்றைத் தனித்தனி எண்களாக எடுத்துக்கொண்டு வரிசைப்படுத்தும். முறை எளிது: நம் எண்ணும் தளத்தில் கிடைத்த எண்ணும் ஒன்றேயானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேறாக இருந்தால் இரண்டையும் வரிக்கு ஒன்றாக சார்ட்டுக்குக் கொடுத்து, கடைசி வரியை டெயில் மூலம் எடுங்கள். அது தளத்தின் எண் என்றால் புதிய பதிப்பு வந்திருக்கிறது.

நம் எண்ணை 'யூநேம் -ஆர்' தரும். நீங்கள் சேர்த்த உள்ளூர்ப் பெயர் ஹைஃபனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் கட் கட்டளையால் வெட்டிவிடுங்கள். அப்புறம் ஒரு பூஜ்ஜியம் இருக்கிறது. புதிய வரிசையின் முதல் பதிப்பைத் தளம் 6.10 என்று எழுதும். அதையே ஓடும் கெர்னல் 6.10.0 என்று சொல்லும். அதனால் தளத்தின் எண்ணில் ஒரே ஒரு புள்ளி இருந்தால், பின்னால் '.0' சேர்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) பதிப்புகளையும் ஓட்டிப் பார்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 6.10-ஆர்சி1 என்பது 6.10-க்கு முந்தையது. ஆனால் சார்ட் அதைப் பின்னால் தள்ளும். ஆர்சிக்கு முன்னால் உள்ள ஹைஃபனை டில்டே (~) குறியாக மாற்றிக் கொடுத்தால் சரியான இடத்தில் உட்காரும். டெபியன் தன் பொதிகளுக்கு வைக்கும் வழக்கமும் இதுதான்.

படி 4: லாங்டெர்ம் வரிசையில் இருப்பவர்களுக்கு

லேட்டஸ்ட்_ஸ்டேபிள் உங்களுக்கு உதவாது. பதிப்புப் பட்டியலில் உங்கள் வரிசையை மட்டும் ஜேக்யூவின் 'ஸ்டார்ட்ஸ்வித்' கொண்டு வடிகட்டுங்கள். வரிசை எண்ணை இறுதிப் புள்ளியோடு '6.1.' என்று கொடுங்கள். புள்ளியை விட்டால் 6.12 வரிசையும் கூடவே வந்து நிற்கும்.

படி 5: தினமும் ஓடவிடுவது, தகவல் சொல்வது

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டிவிட, மடிக்கணினிக்கு க்ரானைவிட சிஸ்டம்டி டைமரையே பரிந்துரைப்பேன். க்ரான் ஓட வேண்டிய நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அன்றைய வேலை போனதுதான். டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' வரியை ட்ரூ என்று வைத்தால், விட்டுப்போனதை அடுத்த முறை தொடங்கியதும் ஓட்டிவிடும். பயனர் டைமராக வைத்தால் நோட்டிஃபை-சென்ட் கட்டளை நேரடியாகத் திரையில் அறிவிப்பு காட்டும். க்ரானிலிருந்து அதை வேலை செய்ய வைக்க டிபஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) முகவரியை நாமே கொடுக்க வேண்டியிருக்கும். லாகின் செய்த உடனே ஓடும்போது வைஃபை இணைந்திருக்காது. ஆகவே சர்வீஸ் கோப்பில் 'ரீஸ்டார்ட்' என்பதை ஆன்-ஃபெயிலியர் என்றும், மறுமுயற்சிக்கு ஐந்து நிமிட இடைவெளியும் வையுங்கள். இரண்டாம் படியில் பிழைகளை மறைக்காமல் விட்டது இங்கேதான் பயன்படுகிறது.

ஒருமுறை அறிவித்த எண்ணை ஒரு சிறு கோப்பில் எழுதி வையுங்கள். கம்பைல் செய்து நிறுவினாலும் மறுதொடக்கம் செய்யும்வரை யூநேம் பழைய எண்ணையே சொல்லும். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் தினமும் ஒரே அறிவிப்பு வந்து, கடைசியில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவீர்கள். அறிவிப்பு வெற்றியான பிறகே எழுதுங்கள்.

ஸ்கிரிப்ட் தகவல் சொல்வதோடு நிற்கட்டும். தானாக நிறுவ வைக்காதீர்கள். 2023 நவம்பர் கடைசியில் வந்த 6.1.64-இல் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் தரவையே கெடுக்கும் பிழை நுழைந்துவிட்டது. ஒரு திருத்தத்தைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள், அதற்கு முன்னால் வர வேண்டிய இன்னொன்றை விட்டுவிட்டதுதான் காரணம். டெபியன் 12.3 வெளியீடே அதனால் நின்றது, 6.1.66-ஐ வைத்து 12.4 வந்தது. தரவு முக்கியம் என்றால் அறிவிப்பு வந்ததும் மாற்றக் குறிப்பைப் படித்து, இரண்டு மூன்று நாள் பொறுத்து ஏற்றுங்கள். உங்கள் கணினியைத் தொடும் பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: உபுண்டு 24.04-இல் யூநேம் 6.8.0 என்றே காட்டுகிறதே என்று கேட்டிருந்தார்கள். ஹைஃபனுக்குப் பின் வருவது உபுண்டுவின் சொந்தக் கணக்கு. உண்மையான அடிப்படைப் பதிப்பு ப்ராக் அடைவில் உள்ள 'வெர்ஷன்_சிக்னேச்சர்' கோப்பின் கடைசிச் சொல்லில் இருக்கும். டெபியனில் 'யூநேம் -வி' பாருங்கள். ஆனாலும் இவர்கள் பாதுகாப்புத் திருத்தங்களைத் தங்கள் பதிப்பிலேயே சேர்த்துவிடுகிறார்கள். எண் பழையது என்பதற்காகக் கணினி பாதுகாப்பில்லாமல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கே ஆப்ட் சொல்வதையே கேளுங்கள்.

இன்னொன்று, நான்காம் படியைப் பின்பற்றுகிறவர்களுக்கு. ஒரு வரிசையின் ஆதரவு முடிந்தால் 'ஐஎஸ்இஓஎல்' என்பது ட்ரூ ஆகும். கொஞ்ச நாளில் அந்த வரிசை பட்டியலிலிருந்தே போய்விடும். வடிகட்டிய விடை வெறுமையாக வந்தால் அதை 'புதிது இல்லை' என்று எடுத்துக்கொள்ளாமல், 'உங்கள் வரிசை பட்டியலில் இல்லை, வேறு வரிசைக்கு மாறுங்கள்' என்று தனி அறிவிப்பு அனுப்ப வையுங்கள்.