பிரிட்டனில் முதல் கார்: இன்சூரன்ஸும் மாற்றங்களும்

25 வயதுக்குக் கீழே என்றால், வாங்கப்போகும் பழைய காரின் விலையைவிட முதல் வருட இன்சூரன்ஸ் அதிகமாக வரக்கூடும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் காரின் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலான கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். எண் கூடக் கூடக் கட்டணமும் ஏறும். தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் காப்பு) மட்டும் எடுத்தால் மலிவு என்று எண்ணிவிட வேண்டாம். இளையவர்களுக்குப் பல நேரம் உங்கள் காருக்கும் சேர்த்துக் காப்பு தரும் காம்ப்ரிஹென்சிவ்தான் குறைவாக வரும், இரண்டையும் விசாரியுங்கள்.

இந்திய, இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதை இந்த ஊர் லைசென்ஸாக மாற்றித் தரமாட்டார்கள். புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தேற வேண்டும். தேர்வுத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், வந்தவுடன் தொடங்கிவிடுங்கள்.

மாமா பெயரில் பாலிசி எடுத்து, உங்களைக் கூடுதல் டிரைவராகப் போட்டுக்கொள்ளச் சொல்லும் யோசனை கட்டாயம் வரும். தினமும் ஓட்டுவது நீங்கள் என்றால் அது மோசடி. உங்கள் பெயரில் எடுத்து, அந்தக் காரை நிஜமாகவே அவ்வப்போது ஓட்டும் அனுபவசாலி ஒருவரைச் சேர்ப்பது சட்டப்படி சரி, கட்டணமும் குறையலாம். சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களுக்குச் சாதாரண பாலிசி செல்லாது, அதற்குத் தனிக் காப்பு வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. இங்கே தேர்வில் தேறி 2 வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்தாகி, புரொவிஷனலில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

இனி மாற்றங்கள். கார் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி இல்லாத எதையும் இன்சூரன்ஸ்காரர்கள் மாற்றமாகவே பார்ப்பார்கள்: அலாய் வீல், ஸ்பாய்லர், எக்ஸாஸ்ட், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது), தாழ்த்திய ஸ்பிரிங், சில இடங்களில் பெரிய ஸ்டிக்கர்கூட. வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் பாலிசியையே செல்லாததாக்கிவிடலாம். எதிர்த் தரப்புக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டையும் உங்களிடம் வசூலிக்க வருவார்கள்.

இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிட்டாலும் எல்லாம் சட்டப்படி சரியாகிவிடாது. 1985 ஏப்ரல் 1 முதல் ஓடத் தொடங்கிய கார்களில் முன் கண்ணாடி 75%, முன் பக்கக் கண்ணாடிகள் 70% வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும், பின்னால் வரம்பில்லை. பல கார்களில் தொழிற்சாலைக் கண்ணாடியே இந்த வரம்பை ஒட்டி இருப்பதால், முன்பக்கம் லேசான கறுப்பு ஃபிலிம் ஒட்டினாலும் வெளிச்சம் வரம்புக்குக் கீழே போய்விடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையோ டீசல் ஃபில்டரையோ கழற்றினால் எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதி) சோதனையில் தோல்விதான்.

வீல் மாற்றுவதானால் டயரின் மொத்த விட்டம் மாறாமல் பாருங்கள். 195/65 ஆர்15 அளவு டயர் இருந்த இடத்தில் 205/55 ஆர்16 போட்டால் விட்டத்தில் 3 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. பெரிதாகப் போட்டால் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் உரசும். ஸ்பிரிங்கைத் தாழ்த்தினால் வீல் அலைன்மெண்ட்டையும் ஹெட்லைட் கோணத்தையும் மறுபடி சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.

முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களைச் சொல்லும் பொறுப்பும் உங்களுடையதே. வாங்கும்போது அதே மாடலின் தொழிற்சாலைப் படங்களோடு வீல், எக்ஸாஸ்ட், விளக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, விற்பவரிடம் ரீமேப் செய்ததுண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.