பொஹீமியாவுக்கு இசைச் சுற்றுலா: திட்டம் எங்கே சறுக்குகிறது?

'இசையும் பண்பாடும்' என்று தலைப்பிட்டு வரும் குழுச் சுற்றுலா நிரல் எதையாவது எடுத்துப் பாருங்கள். பகல் முழுக்கக் கோட்டை, தேவாலயம், சதுக்கம். நடுவில் ஒரே ஒரு மாலையில் 'கிளாசிக்கல் கச்சேரி' என்று ஒற்றை வரி. யார் வாசிக்கிறார்கள், என்ன வாசிக்கிறார்கள், எந்த அரங்கம் என்று ஒன்றும் இருக்காது. ஊர்களை முடிவு செய்து, விமானச் சீட்டும் எடுத்த பிறகு கச்சேரி தேடினால் இப்படித்தான் ஆகும். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதன் வயிற்றில் பிறந்தவை. செக் குடியரசின் மேற்குப் பகுதியான பொஹீமியாவுக்கு இசை கேட்கவே போகிறோம் என்றால், முதலில் கச்சேரித் தேதி, பிறகு ஊர், கடைசியில் விமானம். இந்த வரிசை மாறக் கூடாது.

தேதியில் நடக்கும் தவறுதான் அதிகம். ஐரோப்பா என்றாலே ஜூலை, ஆகஸ்ட் என்று பலருக்கும் மனதில் பதிந்துவிட்டது. வெயில் உண்டு, பகல் நீளம், எல்லாம் சரி. ஆனால் தலைநகர் பிராகின் தேசிய நாடக அரங்கமும் செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் அந்தச் சமயத்தில்தான் நீண்ட கோடை விடுமுறையில் இருக்கும். அப்போது நகரத்தில் கச்சேரியே இல்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு கச்சேரி நடக்கும். அவற்றில் பெரும்பாலானவை பயணிகளுக்காகவே தினம் தினம் போடப்படுபவை.

பெரிய விழாக்கள் எப்போது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1946-ல் தொடங்கிய 'பிராக் வசந்தம்' இசை விழா ஒவ்வோர் ஆண்டும் மே 12 அன்று ஆரம்பமாகும். அது செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டானாவின் நினைவு நாள். 1884-ல் அதே தேதியில் இறந்தார். வழக்கமாகத் தொடக்க நிகழ்ச்சியே அவருடைய 'என் தாயகம்' என்ற இசைத் தொகுப்புதான். விழா ஜூன் முதல் வாரம் வரை ஓடும். நம் ஊரில் மே விடுமுறையில் கிளம்பும் குடும்பங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனாலும் யாரும் கவனிப்பதில்லை. ஜூனில் லிட்டோமிஷ்ல் ஊரில் ஸ்மெட்டானா பெயரிலேயே விழா. கோடையில் செஸ்கி க்ரும்லோவ். ஆகஸ்டில் மரியான்ஸ்கே லாஸ்னேயில் இசையமைப்பாளர் ஷோப்பான் பெயரில் விழா. செப்டம்பரில் மறுபடியும் பிராக், இம்முறை இன்னொரு செக் இசையமைப்பாளரான த்வோர்ஷாக் பெயரில். ஆக, ஜூலை, ஆகஸ்டில்தான் முடியும் என்றால் பிராகைச் சுருக்கி, சின்ன ஊர்களில் நாளைக் கூட்டுங்கள். மே அல்லது செப்டம்பர் என்றால் பிராகில் தாராளமாகத் தங்கலாம்.

பிராகிலேயே அறை எடுத்து, தினமும் காலையில் பேருந்தில் ஓர் ஊர், மாலையில் திரும்பி வருவது அடுத்த தவறு. பெட்டியைத் தூக்க வேண்டாம் என்பதற்காக அமைப்பாளர்கள் இதை விரும்புகிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் செஸ்கி க்ரும்லோவ் சுமார் 170 கிலோமீட்டர். போக வர மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேருந்திலேயே கழியும். லிட்டோமிஷ்லும் ஏறக்குறைய அதே தூரம். அந்த ஊர்களில் இசை ராத்திரியில்தான் நடக்கிறது. கச்சேரி தொடங்கும் நேரத்தில் நம் குழு நெடுஞ்சாலையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பொஹீமியாவின் இசை தலைநகரத்தில் மட்டும் விளைந்ததல்ல. 1772-ல் சார்ல்ஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் இந்த நாட்டைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தார். சாதாரண மக்கள் இவ்வளவு நன்றாக வாசிக்கிறார்களே, எங்கே கற்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனவருக்குச் சாஸ்லாவ் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் விடை கிடைத்தது. ஆறிலிருந்து பத்துப் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக ஒரே அறையில். சிலர் எழுத, சிலர் படிக்க, சிலர் வயலினும், ஓபோ, பஸூன் ஆகிய ஊதுவாத்தியங்களும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கன் வாசிப்பவர் வீட்டுச் சின்ன அறையில் பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான கிளாவிகார்டு நான்கு. நான்கிலும் பையன்கள் ஒரே நேரத்தில் சாதகம். அந்தச் சத்தத்தை நினைத்தாலே காது அடைக்கிறது. எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த ஊர் வாத்தியாரே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, பாட்டுக் குழுவையும் நடத்துவார். அப்படி ஒரு வாத்தியாரான யாகுப் யான் ரிபா 1796-ல் எழுதிய கிறிஸ்துமஸ் வழிபாட்டு இசை இன்றும் செக் நாடு முழுக்கப் பாடப்படுகிறது.

சாஸ்லாவ், குட்னா ஹோராவிலிருந்து பத்து கிலோமீட்டர் சுமாருக்குத்தான். பியானோ மேதை தூசிக் 1760-ல் பிறந்த ஊரும் அதுவே. ஆனால் குழுக்கள் குட்னா ஹோராவின் எலும்பு மண்டபத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே பிராகுக்குத் திரும்பிவிடுகின்றன. குட்னா ஹோராவைக் குறை சொல்லவில்லை. வெள்ளிச் சுரங்கப் பணத்தில் 1388-ல் கட்டத் தொடங்கிய புனித பார்பரா தேவாலயம் ஒன்றுக்காகவே போகலாம். (எலும்பு மண்டபத்தில் 2020 முதல் படம் எடுக்கத் தடை, குழுவில் உள்ளவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சுமார் 40,000 பேரின் எலும்புகள் உள்ள இடம் அது, செல்ஃபிக்கு ஏற்றதல்ல.)

செஸ்கி க்ரும்லோவில் இரண்டு அரங்கங்கள்

இந்த ஊரில் நடக்கும் குழப்பம் தனி ரகம். கோட்டைக்குள் இரண்டு அரங்கங்கள் உண்டு. ஒன்றை மனதில் வைத்து இன்னொன்றுக்குச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள்.

முதலாவது, பரோக் என்ற பழைய ஐரோப்பிய அலங்காரப் பாணியில் அமைந்த அரங்கம். இன்றைய உருவத்தை அது 1760-களில், கோட்டையின் உரிமையாளர்களான ஷ்வார்ட்ஸன்பர்க் குடும்பத்தின் காலத்தில் பெற்றது. மரத்தாலான மேடை இயந்திரங்கள், தீட்டிய திரைகள், உடைகள், இடிமுழக்கமும் மழையும் எழுப்பும் கருவிகள் என்று அக்காலத்துப் பொருள்கள் ஒட்டுமொத்தமாகத் தப்பிப் பிழைத்த அரங்கம் ஐரோப்பாவிலேயே அபூர்வம். மேடைக்குக் கீழே பெரிய உருளைகள். ஆட்கள் அவற்றைச் சுழற்றினால் கயிறுகள் இழுபட்டு, இரண்டு பக்கத் தட்டிகளும் ஒரே சமயம் நகரும். பார்வையாளர் கண்ணெதிரே அரண்மனை காடாக மாறிவிடும். இங்கே நாடகம் நடப்பது மிக மிக அரிது. வழிகாட்டியுடன் சிறு குழுவாக, குறித்த நேரத்தில், வெதுவெதுப்பான மாதங்களில் மட்டும் உள்ளே விடுவார்கள். நாற்பது பேர் கொண்ட குழு என்றால் இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டி வரும். முன்பதிவு இல்லாமல் போய் நின்றால், அன்றைக்கு உங்கள் மொழியில் இடமே இருக்காது.

இரண்டாவது, கோட்டைத் தோட்டத்தில் உள்ள சுழலும் அரங்கம். 1958-ல் வந்தது. இங்கே மேடை சுற்றாது. நாம் உட்கார்ந்திருக்கும் இருக்கை மேடைதான் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களோடு அப்படியே திரும்பும். மரங்களும் தோட்ட மாளிகையுமே காட்சி அமைப்பு. கோடையில் ஓபெரா, நாடகம், பாலே நடப்பது இங்கேதான். திறந்தவெளி என்பதால் இருட்டிய பிறகே தொடங்கும், முடிய நள்ளிரவு நெருங்கும். பகலில் வெயில் கொளுத்தினாலும் அந்த நேரத்துக்குக் குளிர் உறைக்கும். கம்பளிச் சட்டையை அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் இரண்டாம் பாதியில் ஓபெராவைக் கேட்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

இதே ஊரில் பேருந்து விஷயமும் கவனம். 2019-லிருந்து சுற்றுலாப் பேருந்துகள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்து, கட்டணம் கட்டித்தான் ஆட்களை இறக்கவும் ஏற்றவும் முடியும். பழைய ஊருக்குள் வண்டி நுழையாது. கருங்கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு மேடேற வேண்டும். முதியவர்கள் இருந்தால் ஒரு ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் தோள்பையில் எடுத்துக்கொண்டு, பெரிய பெட்டிகளை வண்டியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

லிட்டோமிஷ்லை விட்டுவிடாதீர்கள்

ஒரே ஒரு சின்ன ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு க்ரும்லோவுக்கு இல்லை, லிட்டோமிஷ்லுக்கு. 1824 மார்ச் 2 அன்று ஸ்மெட்டானா பிறந்தது இங்கே, கோட்டை வளாகத்து மதுவடிப்பாலையில். அப்பாவுக்கு அங்கே பீர் வடிக்கும் வேலை. எதிரே யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மறுமலர்ச்சிக் காலக் கோட்டை. அதன் வெளிச்சுவரில் மேல்பூச்சைச் சுரண்டி வரைந்த, கடித உறை வடிவிலான ஆயிரக்கணக்கான ஓவியக் கட்டங்கள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்கிறார்கள். சுவரோரம் நின்று பார்க்க ஆரம்பித்தால் நகர மனம் வராது. விழாக் கச்சேரிகள் கோட்டையின் உள்முற்றத்தில், நகரும் கூரைக்குக் கீழே நடக்கின்றன. சிற்றூர்தான், அரை கிலோமீட்டர் நீளத்துக்கு வளைவுத் தூண்கள் வரிசை கட்டிய ஒரு சதுக்கம். விழாச் சமயத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நிகழ்ச்சி நிரல் வெளியான வாரமே அறைக்கும் சீட்டுக்கும் சேர்த்து எழுதிவிட வேண்டும். பிராகிலிருந்து வரும் வழியில் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே. 1864-லிருந்து பெட்ரோஃப் பியானோ செய்யும் ஊர்.

'இசை மேதைகள் பிறந்த ஊர்கள்' என்று ஒரே நாளில் நாலைந்தைக் கோத்துவிடும் நிரல்களைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். பெரும்பாலும் எழுதியவர் வரைபடத்தைப் பார்த்திருக்க மாட்டார். செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் ஊர்களான ஹுக்வால்டியும் பிர்னோவும் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் இருக்கின்றன. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம். த்வோர்ஷாக் பிறந்த நெலாஹோஸெவெஸ் பிராகுக்கு வடக்கே ரயிலில் எட்டிவிடும் தூரம். அரை நாள் போதும். ஸ்மெட்டானா, த்வோர்ஷாக் இருவருடைய கல்லறையும் பிராகின் விஷேஹ்ராட் குன்றிலேயே இருக்கிறது.

அங்கே போகும் முன், 'என் தாயகம்' தொகுப்பில் வல்டாவா ஆற்றைச் சித்திரிக்கும் 'வல்டாவா' பகுதியை ஒருமுறையாவது கேட்டுவிட்டுப் போங்கள். ஸ்மெட்டானாவுக்குக் காது முற்றிலும் கேளாமல் போனது 1874 அக்டோபரில். இதை எழுதியது அடுத்து வந்த நவம்பர், டிசம்பரில். இரண்டு ஊற்றுகள் சேர்ந்து ஆறாகி, வேட்டைக் காட்டையும் ஊர்க் கல்யாணத்தையும் நிலவொளியையும் கடந்து, புனித யோவான் பாறைவீழ்ச்சியில் மோதிச் சிதறி, கடைசியில் விஷேஹ்ராட்டைத் தாண்டிப் போகிறது. அந்தப் பாறைவீழ்ச்சியைக் காட்டுங்கள் என்று வழிகாட்டியைக் கேட்காதீர்கள். ஸ்டெஹோவிட்ஸே அணை கட்டியதில் அது நீருக்குள் போய்விட்டது. இப்போது அது இசையில் மட்டும்தான் இருக்கிறது.

பிராகில் சீட்டு வாங்கும்போது

பழைய நகரத்தில் வெள்ளை விக்கும் பட்டு அங்கியும் போட்ட இளைஞர்கள் துண்டுத்தாள் நீட்டுவார்கள். விவால்டியின் பருவங்கள், மொஸார்ட்டின் நாலு மெட்டுகள், ஒரு 'ஆவே மரியா', மொத்தம் ஒரு மணி நேரம். வாசிப்பவர்கள் பலர் நன்றாகவே வாசிப்பார்கள். மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காசுக்கு, சில நேரம் அதைவிடக் குறைவாகவே, ருடால்ஃபினம் அரங்கில் முழு இசைக்குழுவைக் கேட்க முடியும். 1896 ஜனவரி 4 அன்று செக் ஃபில்ஹார்மோனிக்கின் முதல் கச்சேரியை த்வோர்ஷாக்கே நடத்திய இடம் அது. அரங்கத்தின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். மொஸார்ட்டின் ஓபெராவான 'டான் ஜியோவானி'யின் பெயரைப் பார்த்ததும் பாய்ந்துவிடாதீர்கள். பொம்மலாட்டமாகவும் அது பிராகில் நடக்கிறது. பிள்ளைகளோடு போக அதுவும் ஜோர்தான். ஆனால் 1787 அக்டோபர் 29 அன்று மொஸார்ட் தானே நடத்தி அரங்கேற்றிய எஸ்டேட்ஸ் தியேட்டரில் முழு ஓபெரா பார்க்க நினைத்தவருக்குப் பொம்மையைக் காட்டினால் சண்டைதான் வரும்.

அந்தத் தியேட்டரில் பக்கவாட்டு மாடங்களின் பின் வரிசையிலிருந்து மேடை பாதிதான் தெரியும். குழுச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது என்றால் எந்த வரிசை என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். குளிர் அங்கியையும் பையையும் வாசலில் உள்ள அறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முப்பது பேர் குழுவுக்கு இதுவே கால் மணி பிடிக்கும். தாமதமாக வந்தால் இடைவேளை வரை வெளியே நிற்பதுதான் கதி. பகுதிகளுக்கு நடுவே கைதட்டாதீர்கள். 'என் தாயகம்' ஆறு பகுதிகள், ஒன்றேகால் மணி நேரம். தெரிந்த மெட்டு என்பதால் இரண்டாவதான 'வல்டாவா' முடிந்ததும் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. திரும்பிப் பார்க்கும் முகங்களைச் சந்திக்க நேரிடும்.

தேவாலயக் கச்சேரிக்கு மே மாதத்திலும் சால்வை வேண்டும். கல் கட்டடம், சூடேற்ற மாட்டார்கள். கோட்டைகள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடல், குளிர்காலத்தில் பல மாதங்கள் திறக்கவே மாட்டார்கள்.

சாப்பாட்டில், சைவக்காரர்கள் சூப்பை நம்பிவிடக் கூடாது. உருளைக்கிழங்கு சூப் என்று எழுதியிருந்தாலும் எலும்புச் சாற்றில் கொதித்திருக்கலாம், பன்றிக்கொழுப்பும் விழுந்திருக்கலாம். பொரித்த சீஸ், பழம் வைத்த கொழுக்கட்டை, உருளைக்கிழங்கு அடை ஆகிய மூன்றும் எந்த ஊரிலும் கிடைக்கும், வயிறும் நிறையும். அடை பொரிப்பது எந்தக் கொழுப்பில் என்று மட்டும் கேளுங்கள். குழுச் சாப்பாடு என்றால் எத்தனை பேர் சைவம் என்ற கணக்கை உணவகத்துக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். அங்கே போய் உட்கார்ந்து சொன்னால் கறியை எடுத்துவிட்டு மீதித் தட்டு வரும். நாணயம் யூரோ இல்லை, கொருனா. யூரோ வாங்கும் கடைகளும் உண்டு, அவர்கள் வைத்த விலைக்கு.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா. வியன்னாவில் இறங்கி மூன்று இரவு, பொஹீமியாவில் ஏழு இரவு என்றால் விண்ணப்பம் போக வேண்டியது செக் தூதரகத்துக்கு. அதிக நாள் தங்கும் நாடுதான் கணக்கு, முதலில் இறங்கும் நாடு அல்ல. வியன்னா இரவுகளை இடையில் கூட்டினால் இந்தக் கணக்கும் மாறிவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கச்சேரிச் சீட்டுகளை ஏற்கெனவே வாங்கியிருந்தால் அவற்றையும் பயண நிரலோடு சேர்த்துக் கொடுங்கள்.