குருட்டுக் கொக்கு உங்களை எப்போது பார்த்தது? ஏரிக்கரையில் அளந்து பார்க்கும் முறை

"இவ்வளவு சத்தத்திலும் பறக்கவில்லையே, மனிதர்களுக்குப் பழகிவிட்டது." வேடந்தாங்கல் கரையில் இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. குஞ்சை விட்டுப் பறந்தால் வெயிலும் காகமும் காத்திருக்கின்றன. தாய்ப்பறவை எங்கே போகும்?

மடையானுக்குக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர். நெருங்கும்வரை அசையாது என்பதால் கண் தெரியாது என்று எண்ணிவிட்டார்கள். அது உங்களை எப்போதோ பார்த்துவிட்டது என்பதை நீங்களே அளந்து அறியலாம்.

படி 1: ஊர் ஏரியில் இரை தேடும் தனி மடையானைத் தேர்ந்தெடுங்கள். கூடுகள் உள்ள மரங்களின் பக்கம் இந்தச் சோதனை கூடவே கூடாது. கையில் நோட்டும் இரண்டு கூழாங்கற்களும் போதும்.

படி 2: சுமார் 100 காலடி தள்ளி, பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை தலை தூக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் அதன் இயல்பு.

படி 3: நேராக, ஒரே சீராக நடங்கள். தோளுக்குள் கழுத்தைப் புதைத்து மண்ணாங்கட்டிபோல் நிற்கும் பறவை, திடீரென்று கழுத்தை நீட்டி உறைந்துவிடும். நிற்காமல் முதல் கல்லைப் போடுங்கள். பிறகு உடலைத் தாழ்த்தும். மறுகணம் பழுப்பு நிறம் மறைந்து வெள்ளைச் சிறகுகள் விரியும். அங்கே இரண்டாவது கல். பறவை நின்ற இடத்திலிருந்து இரண்டு கற்களுக்கும் காலடிகளை எண்ணுங்கள். முதல் கல்வரை விழிப்புத் தூரம்; இரண்டாவது கல்வரை பறக்கும் தூரம்.

படி 4: அதே பறவையைத் துரத்தாதீர்கள். வேறொரு நாள் வேறொரு மடையானிடம், அதை நேராக உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் கடந்து செல்லுங்கள். தொடங்கும் தொலைவு மாறக் கூடாது. அது மாறினால் பறக்கும் தூரமும் மாறும். நேராக வருபவரைக் கண்டுதான் பறவைகள் பொதுவாக முன்னதாக எழும்.

சரணாலயத்தில் நீங்கள் நிற்க வேண்டியது முதல் கல்லுக்கும் வெளியே. பறவை பழகி, பறக்கும் தூரம் குறைந்துவிட்டது என்பதும் நெருங்கிப் போக அனுமதி அல்ல. ஈக்வடாரின் குயபேனோ காட்டில் வளர்ந்த ஹோட்சின் பறவைகள் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழகியிருந்தன. அவற்றின் குஞ்சுகளோ, ஆள் வராத ஏரிகளில் இருந்தவற்றைவிட அதிகமாக இறந்தன. 2004இல் வெளியான ஆய்வு இது.

அடுத்த முறை வேடந்தாங்கல் போனால் இருநோக்கியில் ஒரே ஒரு நாரையின் கழுத்தை மட்டும் பாருங்கள். பஸ் வந்து பிள்ளைகள் இறங்கும் நிமிடத்தில் அது எத்தனை முறை நிமிர்கிறது என்று எண்ணி, இரண்டாம் படியில் செய்ததுபோல் நோட்டில் எழுதுங்கள்.