சிப்பாய்க் கணக்கு தெரியாமல் யானையை மாற்றாதீர்கள்

போன வருடம் ராமநாதபுரத்தில் நடந்த ஒரு பள்ளி மாணவர் செஸ் போட்டிக்குப் பாம்பனிலிருந்து ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கடைசிச் சுற்றில் எங்கள் பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு படிக்கிறவன், ஆளுக்கொரு யானை, ஆளுக்கு ஐந்து சிப்பாய் என்று எல்லாம் சமமாக இருந்த ஆட்டத்தில் யானைக்கு யானை வெட்டிக்கொண்டான். வெட்டிவிட்டால் டிரா என்று நினைத்தான். பத்து நகர்வுக்குள் ஆட்டம் போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மண்டபம் வரைக்கும் வாயே திறக்கவில்லை. பாலத்தில் ஏறியதும், "அண்ணே, எல்லாம் சமமாத்தானே இருந்துச்சு, நான் எப்படித் தோத்தேன்?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். காய்கள் சமம்தான், ராஜாக்கள் சமமாக இல்லை. அவனுடைய ராஜா கோட்டை கட்டிய இடத்திலேயே, ஜி8-இல், ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தது. எதிராளியின் ராஜா பலகைக்கு நடுவில் டி5-இல் நின்றது. யானைகள் இருந்தவரை அந்த வித்தியாசம் வெளியே தெரியவில்லை. யானைகள் போனதும் நடுவில் நின்ற ராஜா நேராக ராணிப் பக்கம் நடந்து போய்ச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டது.

படிக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கிடைவரிசைகள் வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8. காயை வைத்து நகர்த்திப் பார்க்காமல் வெறுமனே படித்தால் இதில் ஒன்றும் மனதில் ஒட்டாது.

சின்னப் பிள்ளைகள் மட்டும் செய்கிற தப்பு என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் டிங் லிரென் டிரா செய்துவிடுவார் என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானையை வெட்டிக்கொண்டார், அடுத்து தன் பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் கிடந்ததால் தப்பிக்க வழியில்லை, அதுவும் வெட்டுப்பட்டது. மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். 58-ஆவது நகர்வில் டிங் கையைக் கொடுத்தார், 18 வயதுச் சென்னைப் பையன் உலக சாம்பியன். அப்போது பட்டம் வைத்திருந்தவரே, மாற்றினால் என்ன மிஞ்சும் என்பதை ஒரு நிமிடம் பார்க்கத் தவறினார்.

அதனால் எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த பிறகு வரும் கடைசிக் கட்ட ஆட்டம், படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் ராஜா-சிப்பாய் ஆட்டம், மற்றதெல்லாம் அப்புறம். யானை ஆட்டம்தான் அதிகம் வரும் என்பது உண்மை. ஆனால் யானை ஆட்டத்தில் எந்த நேரமும் யாராவது ஒருவர் "மாற்றிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அந்தக் கேள்விக்குப் பதில் ராஜா-சிப்பாய்க் கணக்கில்தான் இருக்கிறது.

வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. இப்படி வையுங்கள். இரண்டு ராஜாவும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கின்றன. இதைத்தான் ஆப்போசிஷன் என்கிறோம். யார் நகர வேண்டுமோ அவருக்குத்தான் கஷ்டம். கறுப்பு நகர வேண்டியிருந்தால் டி7-க்குப் போகும், வெள்ளை எஃப்6-இல் ஏறிவிடும், வெற்றி. வெள்ளை நகர வேண்டியிருந்தால் டிரா. ஆனால் அந்த டிராவைக் கறுப்பு சம்பாதிக்க வேண்டும். வெள்ளை டி5, கறுப்பு டி7, சிப்பாய் இ5, கறுப்பு இ7, சிப்பாய் இ6. இந்த இடத்தில் கறுப்பு ராஜா நேராகப் பின்னால், இ8-க்குத்தான் போக வேண்டும். டி8 போனாலும் எஃப்8 போனாலும் தோல்வி. இ8 போனால் வெள்ளை டி6 வரும், கறுப்பு டி8, சிப்பாய் இ7 செக், ராஜா இ8, இனி வெள்ளை ராஜா இ6-க்கு வந்தால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் நகரவும் வழியில்லை, அதனால் டிரா), வராவிட்டால் சிப்பாய் போச்சு. இந்த ஒரு நிலையை இரண்டு பக்கமும் மாறி மாறி இருபது தடவை ஆடுங்கள். நான் பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்க இதைத் தவிர வேறு எதுவும் காட்டுவதில்லை.

இப்போது ஒரே ஒரு மாற்றம். சிப்பாயை இ4-இலிருந்து எடுத்து இ3-இல் வையுங்கள். வெள்ளை நகர வேண்டும். முன்பு டிரா ஆன ஆட்டம் இப்போது வெற்றி! சிப்பாயை இ4-க்குத் தள்ளினால் போதும், நகர வேண்டிய கஷ்டம் கறுப்பின் தலையில் விழுந்துவிடும். ஆகவே சிப்பாய் பின்னால் இருப்பது குறையில்லை, கையில் இருக்கும் சேமிப்பு. புதிதாக ஆடுகிறவர்கள் சிப்பாயை முன்னால் ஓட்டிவிட்டு ராஜாவைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ராஜா முன்னால் போகட்டும், சிப்பாய் பின்னால் வரட்டும்.

மனதில் வைத்துக்கொள்ள எளிய கணக்கும் உண்டு. சிப்பாய் 2, 3, 4-ஆவது வரிசைகளில் இருந்தால், அதற்கு இரண்டு வரிசை முன்னால் இருக்கும் மூன்று கட்டங்களில் ஒன்றை உங்கள் ராஜா பிடித்தால் வெற்றி. இ4 சிப்பாய்க்கு டி6, இ6, எஃப்6. சிப்பாய் 5-ஆவது வரிசையைத் தொட்டிருந்து ராஜா அதற்கு முன்னால் 6-ஆவது வரிசையில் நின்றால் யார் நகர்ந்தாலும் வெற்றிதான். ஓரச் சிப்பாய்க்கு, அதாவது ஏ, எச் வரிசைகளுக்கு, இந்தக் கணக்கு செல்லாது. எதிராளியின் ராஜா மூலைக்கு வந்துவிட்டால் அதை அங்கிருந்து கிளப்பவே முடியாது.

அந்த ஓரச் சிப்பாயோடு ஒரு பிஷப்பும் கூட இருந்தால்? பிஷப் தப்பான நிறத்தில் இருந்தால் அப்போதும் டிராதான், கேட்டால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். வெள்ளைக்கு எச் சிப்பாய் என்றால் எச்8 கறுப்புக் கட்டம், கறுப்புக் கட்டத்தில் ஓடும் பிஷப்தான் வேண்டும். ஏ சிப்பாய்க்கு வெள்ளைக் கட்டத்து பிஷப். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் இதை ஞாபகம் வைத்திருந்தால் அரைப் புள்ளி கிடைக்கும். கீழக்கரைப் பெண் ஒருத்தி இரண்டு சிப்பாய் குறைவாக இருந்தும் தன் குதிரையைக் கொடுத்து, தப்பான பிஷப்போடு எதிராளியை நிறுத்திவிட்டு, ராஜாவை மூலையில் போய் உட்கார வைத்ததை நான் நேரில் பார்த்தேன். பக்கத்துப் பலகைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

சிப்பாய் தனியாக ஓடுகிறது, ராஜா பிடிக்குமா பிடிக்காதா என்பதற்கு ஒவ்வொரு நகர்வாக எண்ண வேண்டியதில்லை. சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசி வரிசையில் அது ராணியாகும் கட்டம் வரை ஒரு பக்கம், அதே அளவு பக்கவாட்டில் இன்னொரு பக்கம் என்று மனதில் ஒரு சதுரம் போடுங்கள். ஏ4 சிப்பாய் என்றால் ஏ4, இ4, இ8, ஏ8. எதிராளியின் ராஜா அதற்குள் இருந்தாலோ, தன் முறையில் உள்ளே கால் வைக்க முடிந்தாலோ பிடித்துவிடும். 2-ஆவது வரிசையிலேயே நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டும், அதனால் அதை 3-ஆவது வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சதுரத்தை வைத்துத்தான் ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் ஒரு புதிர் செய்தார், செஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்த நிலை அது. வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை நகர்ந்து டிரா செய்ய வேண்டும். பார்த்தால் வழியே இல்லை. கறுப்புச் சிப்பாயைப் பிடிக்க இரண்டு நகர்வு பற்றாது, தன் சிப்பாயைக் காப்பாற்றவும் ராஜா ரொம்பத் தூரம். ஆனால் ராஜா சாய்வாக நடக்கிறது: ஜி7, எஃப்6, இ5. ஒவ்வொரு அடியும் இரண்டு வேலை செய்கிறது, எச் சிப்பாயையும் நெருங்குகிறது, சி சிப்பாயையும் நெருங்குகிறது. கறுப்பு நின்று சி6-ஐத் தின்றால் வெள்ளை எஃப்4 போய்ச் சிப்பாயைப் பிடிக்கும். நிற்காமல் ஓடினால் வெள்ளை டி6 போய்த் தன் சிப்பாயை ராணியாக்கும். காற்று எதிரே அடிக்கும்போது பாய்மரத்தைச் சாய்த்து ஓட்டித்தானே கரை சேர்ந்தார்கள், அதே மாதிரி என்று ஒரு பையனின் தாத்தா சொன்னார். அவருக்கு செஸ் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, யானை ஆட்டம். இங்கே இரண்டு நிலைகள் தெரிந்தே ஆக வேண்டும், ஒன்று காப்பாற்றுவதற்கு, ஒன்று ஜெயிப்பதற்கு.

காப்பாற்றுவதற்கு பிலிடோர் என்று பெயர் பெற்ற நிலை. கறுப்பு ராஜா இ8, கறுப்பு யானை பி6. வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ5, யானை ஏ7. கறுப்பு யானை 6-ஆவது வரிசையை விட்டு அசையக் கூடாது, அங்கேயே இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருந்தால் வெள்ளை ராஜாவுக்கு 6-ஆவது வரிசைக்குள் நுழைய வழியில்லை. பொறுமை இழந்து வெள்ளை சிப்பாயை இ6-க்குத் தள்ளும். அந்த நொடியே யானை கீழே பி1-க்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். சிப்பாய் முன்னால் போய்விட்டதால் ராஜா ஒளிய இடமில்லை. முதலில் காவல், சிப்பாய் நகர்ந்த பிறகு செக். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஆட்டம் போய்விடும்.

ஜெயிப்பதற்கு லூசெனா என்ற நிலை. வெள்ளை ராஜா டி8, சிப்பாய் டி7, யானை எஃப்1. கறுப்பு ராஜா ஜி7, யானை சி2. ராணியாக ஒரே படி, ஆனால் ராஜாவே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வெளியே வந்தால் செக் மேல் செக். இங்கே யானையை எஃப்4-க்குக் கொண்டுவாருங்கள். கறுப்பு சி1 என்று ஏதாவது நகர்த்தும். ராஜா இ7, இ1-இலிருந்து செக், ராஜா டி6, டி1-இலிருந்து செக், ராஜா இ6, மறுபடி செக், ராஜா டி5, மறுபடி செக், இப்போது யானை டி4-இல் வந்து குறுக்கே நின்றுவிடும். செக் முடிந்தது, சிப்பாய் ராணியாகிவிடும். இதற்குப் பெயரே பாலம் கட்டுவது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் ஒரே நாளில் மனதில் நின்றுவிடுகிறது.

தடையில்லாமல் ஓடக்கூடிய சிப்பாய்க்குப் பின்னால் யானையை வையுங்கள், அது உங்கள் சிப்பாயானாலும் எதிராளி சிப்பாயானாலும். சிப்பாய் முன்னேற முன்னேற உங்கள் யானைக்கு இடம் கூடும், முன்னால் நின்று மறிக்கும் யானைக்கு இடம் குறையும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நடு ஆட்டமும் மாறிவிடும், அதுதான் உண்மையான பலன். ஒரு காயை மாற்றும்போது மிச்சமிருக்கும் பலகையைக் கண்ணில் பார்க்கத் தொடங்குவீர்கள். காய் அதிகமாக இருந்தால் காய்களை மாற்றுங்கள், சிப்பாய்களை மாற்றாதீர்கள். குறைவாக இருந்தால் சிப்பாய்களை மாற்றிப் பலகையைக் காலி செய்யுங்கள், டிராவுக்கு வாய்ப்பு கூடும். ராணிகள் போய்விட்டால் ராஜாவை உடனே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் தூரத்தில் தனிச் சிப்பாய் இருந்தால் அதைத் தூண்டில் இரையாக வைத்துக்கொள்ளுங்கள், எதிராளி ராஜா அதைப் பிடிக்கப் போகட்டும், நீங்கள் அடுத்த பக்கம் போய் மற்றச் சிப்பாய்களைத் தின்னலாம். ஒரே ஒரு பலவீனத்தை எதிராளி காத்துவிடுவார், பலகையின் இன்னொரு பக்கத்திலும் ஒன்றை உண்டாக்கினால் இரண்டையும் சேர்த்துக் காப்பது கஷ்டம். அவசரப்படாதீர்கள். எதிராளிக்கு ஒன்றும் செய்ய முடியாத நிலை என்றால் முதலில் உங்கள் காய்களை நல்ல இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் சிப்பாயைத் தொடுங்கள்.

பயிற்சிக்கு எங்களுக்கு வாய்த்த காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி லீவு. சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். அரை மணி நேரம் மேலே சொன்ன நிலைகளில் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடுங்கள், மிச்ச அரை மணி நேரம் சொந்த ஆட்டம் ஒன்றின் கடைசி இருபது நகர்வைத் திரும்ப வைத்துப் பாருங்கள். அதற்கு ஆட்டத்தை எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும், எழுதாதவர்களால் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. போன் இருந்தால் லிசெஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது, ஆப்போசிஷனும் யானை ஆட்டமும் தனிப் பாடமாகவே இருக்கின்றன. பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்க்குள் இருந்தால் ஒவ்வொரு நகர்வும் வெற்றியா டிராவா தோல்வியா என்று அதுவே உறுதியாகச் சொல்லிவிடும். ஆனால் முதலில் பலகையில் நீங்களாகக் கண்டுபிடியுங்கள், பதிலை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் போனை எடுங்கள்.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் இந்த வருடத் தடைக்காலத்தில் அறுபது நாளும் வந்தான், ஒரு நாள் காய்ச்சல். ஜூன் மாதம் என்னோடு ஆடும்போது நான் யானையை மாற்ற நீட்டினேன். உடனே வெட்டவில்லை. விரலால் கட்டங்களை எண்ணினான், என் ராஜாவைப் பார்த்தான், அவன் ராஜாவைப் பார்த்தான், யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டு ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தினான்.